முத்துமணி மேசையைத் தட்டினாள்

ஓசூர் சிப்காட்டில் எங்கள் கம்பெனியின் பிரஸ் மெஷினில், தகடு வெட்டும் டை இரண்டாக உடைந்துபோனது. உடைத்தது யார் என்று பர்சனல் மேனேஜர் அசோக்குமாருக்கு உடனே தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் நெஞ்சில் கை வைப்பார். “உள்ள ஒண்ணு சொல்லுது. முத்துமணிதான்.” அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

முத்துமணி என் பக்கத்து மெஷின் பெண். டை உடைந்த அன்று அவள் கம்பெனியிலேயே இல்லை. கல்லாவியில் அவள் அக்காவுக்குக் கல்யாணம். இருந்தும் விசாரணை வைத்தார்கள். குற்றம் உறுதியானால் வேலை போகும், கூடவே ஹாஸ்டல் கட்டிலும் போகும். துணைக்கு ஒரு தொழிலாளி வரலாம் என்றதால் நான் போனேன்.

“டையை ஒடச்சது நீதான்” என்றார் அசோக்குமார். அவர் வாயை மூடுவதற்குள் டியூப்லைட்டுக்குப் பின்னால் பல்லி சொன்னது. பல்லி சொல்லிவிட்டால் அப்புறம் அது சத்தியம் அல்லவா? சூப்பர்வைசர் “ஹௌது, ஹௌது” என்று கன்னடத்தில் ஆமோதித்து மேசையைத் தட்டினார். அசோக்குமார் தட்டினார். பழக்கதோஷத்தில் முத்துமணியும் தட்டினாள்.

“பாத்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கேமராவப் போட்டுப் பாருங்க சார்!”

போட்டார்கள். மெஷின் பக்கத்தில் யாருமே இல்லை. டை தானாக உடைந்தது. அசோக்குமார் டியூப்லைட்டைப் பார்த்தபடி காத்திருந்தார். பல்லி மூச்சுவிடவில்லை.

“பல்லியே ஒத்துக்கல பாருங்க. கேமராவுக்கு மனசா இருக்கு, உண்மை தெரியறதுக்கு?”

“அன்னிக்கி கல்யாணத்துல நானும் இருந்தேன் சார். இவள என் கண்ணால பாத்தேன்.”

“நீங்க பாசத்துல பேசறீங்க பொற்கொடி. விசாரணையில உணர்ச்சிக்கு எடமே கெடையாது.” அதைச் சொல்லும்போதும் அவர் கை நெஞ்சின்மேல்தான் இருந்தது.

வேலை போயிற்று. கேட்டுக்கு வெளியே முத்துமணி பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றாள். அவள் அழவில்லை.

“கேஸ் போடலாம்டி. நான் சாட்சி சொல்றேன்.”

“எப்பிடிக்கா போடறது? ஒருவேள நானே ஒடச்சிருந்தா?”

“பைத்தியமா உனக்கு? நீ இங்க இருந்தியா?”

“இல்லதான். ஆனா அவரு சொன்னதும் எனக்கு நெஞ்சு திக்குனு ஆயிடுச்சிக்கா. தப்பே பண்ணாதவளுக்கு எதுக்கு அப்பிடி ஆவணும்?”

அசோக்குமார்மேல் இருந்த கோபமெல்லாம் அவள்மேல் திரும்பியது. “அப்போ மண்டபத்துல என் எலையில பாயசம் ஊத்தினது யாருடி?”

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“அதாங்க்கா எனக்கும் புரியல. யாரோ என்னாட்டமே ஒருத்தி” என்றாள். “பாவம், அவ மேல எந்தத் தப்பும் இல்ல.”