பார்வதத்தின் காலா, பிரேக் பெடலா?

1

இந்தக் கதையை நான் திருடித்தான் கொண்டுவந்தேன். திருடிய இடம் திருமுல்லைவாயில், எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடி, என் எதிர் வீடு. ஓய்வு பெற்றவனுக்குக் காதுதான் உத்தியோகம். கதவைச் சாத்தாமல் சண்டை போடுகிறவர்களிடம் எடுத்தால் அது திருட்டில் சேராது என்று என் வக்கீல் நண்பர் சொல்கிறார். (எனக்கு வக்கீல் நண்பர் யாரும் கிடையாது. இந்த மாதிரி இடையிடையே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

சண்டை இதுதான்: கார் போய் கேட்டில் மோதியதற்குக் காரணம் எதிர் வீட்டுப் பார்வதத்தின் காலா, பிரேக் பெடலா?

2

முதல் வரியை இப்படி எழுதினேன்:

"சுப்பராயன் வருகிறார் என்றால் ஆவடியே நடுங்கும். அன்றும்..."

வேண்டாம். ஆவடி யாருக்கும் நடுங்கியதில்லை. அடுத்து:

"இருபத்தாறு வயதான அந்தக் கார், மாலை வெயிலில் ஒரு கிழட்டுச் சிங்கத்தைப் போல..."

சீ. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

எதிர் வீட்டுச் சுப்பராயன் முப்பத்து நான்கு வருடம் ஆவடியில் ராணுவ வண்டிகளைப் பரிசோதித்தவர். அவர் "சரி" என்று முத்திரை குத்தாமல் ஒரு போல்ட்கூட வெளியே போனதில்லை. ஓய்வு பெற்ற அன்று முத்திரையைத் திருப்பிக் கொடுத்தார். பரிசோதகர் முகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மார்க்கெட்டில் கத்தரிக்காயை வெளிச்சத்தில் பிடித்து அவர் உருட்டுகிற உருட்டில் காய்க்காரம்மாவே ஒருநாள் கேட்டுவிட்டார்: "நைனா, அது காய். குண்டு இல்ல. வெடிக்காது, எட்து போட்டுக்கோ."

அவர் மனைவி பார்வதம் ஐம்பத்தாறு வயதில் கார் ஓட்ட லைசென்ஸ் எடுத்தார். இருபத்தெட்டு நாள் வகுப்பு. சென்னீர்குப்பத்துத் தங்கை வீட்டுக்கு யாரையும் கெஞ்சாமல் போய்வர வேண்டும், ஆசை அவ்வளவுதான். லைசென்ஸ் வந்த மூன்றாம் நாள் வீட்டுக் காரை முதன்முதலாக எடுத்தார். கேட் பக்கத்தில் பிரேக்கை மிதித்தார். பெடல் உள்ளே போயிற்று, கார் நிற்கவில்லை. கேட் பிய்த்துக்கொண்டு பறந்து, பட்டாபிராமைத் தாண்டி, நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கியது.*

"மிதிச்சேங்க. சத்தியமா மிதிச்சேன். உள்ள போயிடுச்சு."

"எதை மிதிச்ச? கிளட்சை மிதிச்சிருப்ப."

"இருபத்தெட்டு நாள் மிதிச்ச காலுக்கு எது எதுன்னு தெரியாதா?"

"பார்வதம், நான் தினம் ஓட்டறேனா இல்லையா? எனக்கு நிக்குதே!"

இதற்குமேல் வாதம் ஏது? அன்றிலிருந்து கார் சாவி சுப்பராயனின் சட்டைப் பையில். சட்டையோடுதான் குளித்தார் என்று எழுதினால் நம்பவா போகிறீர்கள்? எழுதிவிட்டேன்.

* பறக்கவில்லை. ஒரு கீல் வளைந்தது.

3

இந்த இடத்தில் எனக்கே ஒரு சந்தேகம். சுப்பராயனை வில்லனாக்குகிறேனோ? எதிர் வீட்டுக்காரன் கையில் பேனா இருந்தால் யார்தான் வில்லனாக மாட்டார்கள்? எனவே கொஞ்ச நேரம் அவர் மண்டைக்குள் போய் உட்கார்ந்து பார்க்கிறேன்.

மோதல் நடந்த அன்று மாலையே அவர் பரிசோதனையைத் தொடங்கிவிட்டார். டார்ச், கண்ணாடி, கோடு போட்ட நோட்டு. பிரேக் ஆயில் அளவு சரி. நாலு சக்கரத்திலும் கசிவு இல்லை. கடைசியில் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தார். கல் மாதிரி நின்றது. எழுதினார். "குறை: ஓட்டுநர்" என்று எழுதும்போது மனசு லேசாகக் குத்தத்தான் செய்தது. ஆனால் இத்தனை வருடத்தில் உறவு பார்த்து அவர் அறிக்கை எழுதியதில்லை. அதோடு, இந்த ஒரு பெடலில் தான் ஏமாந்திருந்தால், அந்த முப்பத்து நான்கு வருடத்து முத்திரைகள்... இல்லை, அந்த யோசனைக்குள் அவர் போகவில்லை. நானும் போகவில்லை, உள்ளே இருட்டு.

முதல் மாடி அரவிந்தன், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், இறங்கி வந்து கைப்பேசியைத் தடவிவிட்டுச் சொன்னார்: "அங்கிள், சென்சார் பிரச்சனை. ரீசெட் பண்ணிடுங்க."

அந்தக் காரில் சென்சார் என்று ஏதாவது இருந்தால் அது சுப்பராயன்தான்.

4

பார்வதம் பத்து நாள் ஆட்டோவில் போய்வந்தார். பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் அம்பத்தூரிலிருந்து மெக்கானிக் யூசுப்பை வரவழைத்துவிட்டார்.

"இன்னா சார், பெடல் இன்னா சொல்லுது?"

"பெடல் ஒண்ணும் சொல்லலை. என் வீட்டுக்காரிதான் சொல்லிக்கிட்டே இருக்கா."

"ஏறிக் குந்து. மிதிச்சுப் புடி. காலை எடுக்காத."

சுப்பராயன் மிதித்தார். தப், தப்.

"இன்னாத்துக்கு ரெண்டு தபா? ஒரே தபா மிதி சார்."

"ஒரு தடவைதானேய்யா மிதிச்சேன்?"

தப், தப்.

"தோ, மறுபடியும் ரெண்டு!"

"யோவ், என் காலு எனக்குத் தெரியாதா?"

"இன்னொரு தடவை மிதிங்க," என்றார் பார்வதம். கைப்பேசியைக் குனிந்து பிடித்துப் படமெடுத்து அவர் கையில் கொடுத்தார். சுப்பராயன் பார்த்தார். செருப்புப் போட்ட ஒரு வலது கால், பெடலை ஒருமுறை அமுக்கி, எடுத்து, மறுபடி அமுக்கியது. கண்ணிமைக்கும் நேரம். அந்தக் காலை அவருக்கு நன்றாகத் தெரியும். அது செய்த காரியம்தான் தெரியாது.

(கட்டுரை எழுதும் ஆசை இங்கே எனக்கு வருகிறது. சுருக்கமாக முடிக்கிறேன். பெடல் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சமாளிக்கப் பழகியது, மேலிடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லாமல். எல்லா ஆபீசிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் லீவு போடும் நாளில்தான் ஓட்டை வெளியே தெரியும். அன்றைக்கு யார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாரோ அவருக்குத்தான் மெமோ.)

"அக்கா, நீ குந்து," என்றார் யூசுப்.

பார்வதம் உட்கார்ந்தார். ஒரே முறை மிதித்தார், பிடித்தார். பெடல் முதலில் விறைப்பாக நின்றது. பிறகு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் மேடையில் தலைவரின் தலை சாய்வதுபோல், மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது.

"பாத்தியா சார்? வெளிய ஒரு சொட்டு லீக் இல்ல. மாஸ்டர் சிலிண்டர் உள்ள ரப்பர் தேஞ்சு கீது. அமுக்கினா ஆயில் உள்ளுக்குள்ளயே பின்னாடி போய்க்கினு கீது. ரெண்டு தபா மிதிச்சா வண்டி நிக்கும். ஒழுங்கா ஒரு தபா மிதிக்கறவங்கோ கேட்டுல போய் நிப்பாங்கோ." துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "அக்கா காலு கரெக்டா கீது. உன் காலுதான் சார் பெடலுக்கு வக்காலத்து வாங்கிக்கினு கீது."

5

முடிவுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

சுப்பராயன் தந்த முடிவு: "கேட்டுல மோதின அதிர்ச்சியில அந்த ரப்பர் தேஞ்சிருக்கலாம் இல்லையா? அப்படி எழுதுங்க." (எழுதிப் பார்த்தேன். பேனா சிரித்துவிட்டது.)

என் முடிவு: புது சிலிண்டர் போட்டாகிவிட்டது. நல்ல பெடலையும் அவர் இரண்டு தடவை மிதிக்கிறார். பூந்தமல்லிச் சாலையில் ஒவ்வொரு சிக்னலிலும் காருக்குள் இருப்பவர்கள் எதிரே நிற்கும் போலீஸ்காரருக்கு இரண்டு கும்பிடு போடுகிறார்கள். மூன்றாவது சிக்னலில் அவர் ஆசீர்வாதம் செய்து...

பார்வதம் இந்தப் பிரதியைப் படித்துவிட்டார். "ஏன் சார், கேட் பறந்துச்சுன்னு பெரிசா எழுதிட்டு, கீல் வளைஞ்சதை அடியில பொடி எழுத்துல போட்டிருக்கீங்க? படிக்கிறவங்க எதை நினைப்புல வெச்சிருப்பாங்க?"

நியாயம். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். பழுது பார்த்த வண்டி கீழே தயாராக நிற்கிறது. தங்கை வீட்டில் மதியச் சாப்பாடு. பார்வதம் கைப்பையோடு வாசலில் நிற்க, சுப்பராயன் சாவியை நீட்டினார். பார்வதம் வாங்கவில்லை.

"சாவி இருக்கட்டும். முதல்ல சொல்லுங்க."

"என்னத்தச் சொல்றது?"

"என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

சுப்பராயன் தொண்டையைச் செருமினார். திறந்திருந்த என் கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்:

"........................................"

நிரப்புங்கள். எனக்குக் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனாலும் எழுதமாட்டேன், நாளைக்கும் இதே மாடியில் குடியிருக்க வேண்டியவன். உங்கள் வீட்டில் இந்த வாக்கியத்தைக் கடைசியாக யார், எப்போது சொன்னார்கள் என்று யோசித்தால் கை தானாக ஓடும்.

ஓடவில்லையா? குறை பேனாவில் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.