முப்பத்தெட்டாம் பக்கம்

என் கணவர் முன்ஜியை அடக்கம் செய்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு லஸாத் வந்தான். எங்கள் ஆலையின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன். அவரிடம் ஏழு வருடம் வேலை செய்தவன். துக்கத்துக்கு வந்த பெண்கள் கூடத்தில் நிறைந்திருந்ததால் அவனை அடுக்களை வழியாக உள்ளே விட்டேன்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி. இன்னிக்குத் தேதி பத்து."

எனக்குப் புரிந்தது. எங்கள் தீவில் கடல்நீரைக் குடிநீராக்கும் அந்தச் சின்ன ஆலை நகராட்சியும் நாங்களும் கூட்டாக நடத்துவது. நிலமும் குழாயும் அவர்களுடையவை. இயந்திரமும் உழைப்பும் எங்களுடையவை. பதினைந்து வருடத்துக்குக் கைவிட மாட்டோம் என்று சட்டப்படி ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த பிறகுதான் அக்கரையில் ஸ்ஃபாக்ஸ் நகரத்து வங்கிக்காரர்கள் எங்களை ஏறெடுத்தே பார்த்தார்கள். அதே சட்டம் கருவிகளையும் கணினிகளையும் வாங்க வைத்தது; கால் மணிக்கு ஒருமுறை தண்ணீரின் உப்பு அளவு தலைநகரத்துக்குப் போக வேண்டும். முன்ஜி திட்டிக்கொண்டேதான் வாங்கினார். மாதம் பத்தாம் தேதி நண்பகலுக்குள் நிறுவனத் தலைவரான அவருடைய மின்கையொப்பத்தோடு தர அறிக்கை போகாவிட்டால் ஆலைக்குப் பூட்டு. அப்போது ஜூலை. பூட்டினால், படகில் வரும் தண்ணீருக்குத் தீவே குடத்தோடு வரிசையில் நிற்கும். அவருடைய ஏழு வருட உழைப்பும் போகும்.

லஸாத் மடிக்கணினியைத் திறந்து முன்ஜியின் கையொப்பச் சாவியைச் செருகினான். விரல் நீளமே உள்ள கருவி.

"இறப்ப பதிய மூணு நாள் இருக்கு அண்ணி. அதுவரைக்கும் அரசாங்கத்துக்கு அவர் உயிரோடதான் இருக்கார். நீங்க போடாத கையெழுத்தா?"

உண்மைதான். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். எண்ணெய் வியாபாரியின் சாவி அவர் மருமகளிடம். மருந்துக்கடைக்காரரின் சாவி வண்டி ஓட்டுபவனிடம். முன்ஜி படகில் வந்துகொண்டிருக்கும்போது அவருக்காக நானே நாற்பது தடவையாவது போட்டிருப்பேன். இரகசிய எண், எங்களுக்குத் திருமணமான வருடம்.

எண்ணை அடித்தேன். திரையில் வாசகம் வந்தது. 'முன்ஜி பின் சாலிம் ஆகிய நான், இந்த நாளில், இந்தத் தண்ணீருக்குப் பொறுப்பேற்கிறேன்.'

நாற்பது தடவையும் அதை நான் படித்ததில்லை. 'நான்' என்ற சொல்லில் கண் நின்றது. அந்த நான் நேற்று மாலை மண்ணுக்குள் போய்விட்டார்.

"அழுத்துங்க அண்ணி."

"முடியல தம்பி."

"தீவு முழுக்க நாக்கு வறண்டு சாகட்டுங்கிறீங்களா?"

மருத்துவர் கொடுத்த இறப்புத் தாளை எடுத்துக்கொண்டு, அதைப் பதிய நகராட்சிக்கு நடந்தேன்.

பதிவு மேசையில் ஹயாத் இருந்தாள். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த வாய்க்காரி. "மூணு நாள் இருக்கே ஸக்கியாக்கா! முகமெல்லாம் வீங்கிப்போய் நீங்களா வரணும்? வீட்ல ஆம்பளைங்களே இல்லையா?"

"இருக்காங்க. கல்யாண வீடு மாதிரி தின்னுட்டு இருக்காங்க."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளை வாங்கினாள். இறந்த நேரம், முந்திய நாள் காலை ஆறு இருபது. அதைத் தட்டச்சு செய்து முடித்தபோது சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து. உடனே என் கைபேசி அடித்தது.

"அண்ணி, சாவி செத்துப்போச்சு! திரை பூரா சிவப்பு. அவ்ளோதான், எல்லாம் போச்சு!" லஸாத் அழுதுகொண்டிருந்தான்.

அவன் அழுகை மேசைக்கு அப்பாலும் கேட்டிருக்கும். ஹயாத் நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். "அந்த ஆலை ஒப்பந்தத்த எப்பவாவது படிச்சிருக்கீங்களா?"

"அவர் படிச்சார்."

"அப்ப இந்தத் தீவுல படிச்ச ஒரே ஆம்பள அவர்தான்." அலமாரியிலிருந்து தடித்த காகிதக் கட்டை எடுத்து, முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

கையொப்ப உரிமையுள்ளவர் இறந்தால், இறப்பு பதிவான நேரத்திலிருந்து எல்லாக் கெடுவும் அறுபது நாள் நிற்கும். அந்நாட்களில் குடிநீரை எவரும் நிறுத்தலாகாது. வாரிசு தம் பெயரில் புதிய கையொப்பம் பெறலாம். இறந்தவர் பெயரில் எவரேனும் கையொப்பமிட்டால் ஒப்பந்தம் அன்றே முறியும்.

கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். ஒரு விரல் அசைவில் தப்பியிருந்தேன்.

இன்றுவரை எனக்குத் தீராத வியப்பு அதுவல்ல. எங்களைப் பார்த்தே இராத யாரோ ஒருவர், தலைநகரத்தில் ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து, என்றோ ஒருநாள் ஒருவர் கெடுவுக்கு முந்திய நாள் இறந்துபோவார் என்று நினைத்திருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒருத்தி நிற்பாள், அவளுக்குப் பின்னால் தாகத்தோடு ஓர் ஊர் நிற்கும் என்று நினைத்திருக்கிறார். கண்ணீர் இல்லாத நான்கு வரிகளில் எங்களுக்கு அறுபது நாள் எழுதி வைத்திருக்கிறார். தொழுகை விரிப்பில் நிற்கும்போது வரும் நடுக்கம் அந்த மேசை முன்னால் எனக்கு வந்தது.

பக்கத்தின் ஓரத்தில் நீல மையில் முன்ஜியின் சுருக்கொப்பம் இருந்தது. தன் மரணத்தைப் பற்றிய பக்கத்தைப் படித்து, கை நடுங்காமல் போட்டிருந்தார். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வாரிசுன்னு யார் பேர எழுத?" என்று ஹயாத் கேட்டாள். அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"என் பேர எழுது. ஆனா முதல்ல இத முழுசா படிச்சிடறேன்."

முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஹயாத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். தலை நிமிர்ந்தபோது மணி ஒன்றரை. ஆலையைப் பூட்ட யாரும் போகவில்லை.