சத்தமில்லாமல் வந்த குழாய்

எங்கள் அம்மாவும் அத்தையும் பேசுவதைக் கேட்க முடியாது; பார்க்கத்தான் முடியும். இருவருக்கும் மில்லில் தறி ஷெட்டில் வேலை. அத்தனை தறிகளும் ஒன்றாக அடிக்கிற இரைச்சலில் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் ஒன்றும் விழாது. அதனால் அங்கே பெண்கள் குரலைக் கழற்றி வைத்துவிட்டு உதட்டாலேயே பேசுவார்கள். வாயை அகலத் திறந்து, புருவத்தைத் தூக்கி, முகம் முழுவதையும் வேலை வாங்குவார்கள். ஒருமுறை சாப்பாடு கொண்டுபோனபோது ஷெட் வாசலில் நின்று பார்த்தேன். அந்தக் கோடியில் ஒருத்தி ஏதோ சொல்ல, இந்தக் கோடியில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்புக்குச் சத்தமே இல்லை. நடுவில் பஞ்சுத் தூசி வெயிலில் மிதந்துகொண்டிருந்தது.

அந்தப் பேச்சு வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். எனக்குப் பேச வருவதற்கு முன்பே அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள வந்துவிட்டது. வீட்டில் அது புரியாத ஒரே ஆள் அப்பா. அவருக்கு மில் கிடங்கில் வேலை. 'கிடங்கு நிர்வாகி' என்று தன்னைச் சொல்லிக்கொள்வார். காலையில் கிடங்குக் கதவைத் திறப்பார், மாலையில் மூடுவார். நிர்வாகம் அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒற்றை அறை. தண்ணீருக்குத் தெருக்கோடிக் குழாய். நாள் முழுக்கத் தறியில் நின்றுவிட்டு வந்த காலோடு அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் வரிசையில் நிற்பாள். மில் புதிதாகக் கட்டிய வீடுகளில் அடுப்படிக்குள்ளேயே குழாய் இருந்தது. அதில் ஒன்றைக் கேட்டிருந்தோம். யாருக்குத் தருவது என்று பார்க்கக் குடியிருப்பு அதிகாரி வீடு வீடாக வந்தார்.

வந்தார் என்று சொன்னால் போதாது. முதலில் குடை வந்தது. பிறகு குடையைப் பிடித்த பியூன், பிறகு மீசை, அதற்குப் பின்னால் அவர். பியூனை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, எங்களிடம் இருந்த ஒரே நாற்காலியைக் கைக்குட்டையால் நன்றாகத் தட்டிவிட்டு, உட்காராமல் நின்றார்.

"எங்க பரம்பரையே நாலு பேருக்கு உத்தரவு போட்ட பரம்பரை," என்றார், யாரும் கேட்காமலே. "இந்த மாதிரி வீட்டுல கால் வைக்கிறதே எனக்குப் புதுசு."

"எங்க பாக்கியம் சார்!" என்ற அப்பா, ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சை ஆரம்பித்தார். "பெருமதிப்பிற்குரிய, நிர்வாகத் திறமையின் நிகரற்ற சிகரமே..."

சிகரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அப்பா சவரம் செய்யும் கண்ணாடியில் மீசையைச் சரிபார்த்தது.

அடுப்பருகே நின்ற அத்தை அம்மாவிடம் வாயசைத்தாள். "அடியே, மீசையப் பாரு. வேர்வையில சாயம் இறங்குது. இன்னும் கொஞ்ச நேரம் நின்னா தாடியே வந்துடும்."

"சும்மா இருங்க அண்ணி. குழாய் போயிடப் போகுது."

"அவனுக்கு என்னடி புரியும்? பரம்பரை அதிகாரி!"

கண்ணாடிக்குள் இருந்த வாய் திறந்தது. அகலமாக, பல் தெரிய, ஒவ்வொரு சொல்லையும் உருட்டி உருட்டி, சத்தமில்லாமல்.

"கடைக்காரன் மட்டமான சாயத்தக் குடுத்துட்டான். நான் என்ன பண்ண?"

அது அந்த மீசைக்குச் சொந்தமான வாயே இல்லை. தறி முன்னால் ஆயுசைக் கழித்த யாரோ ஒரு பெண்ணின் வாய் அந்த முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அந்தப் பேச்சை, பெற்ற தாயின் முகத்திலிருந்துதான் எடுக்க முடியும், வேறெங்கும் கிடைக்காது.

"யாரு மகன்டா நீ?" என்று உதட்டாலேயே கேட்டாள் அத்தை. சாரெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"ஜன்னலோரத் தறி. குட்டைப்பின்னல்காரி மகன்."

"அடப்பாவி! எனக்குப் பக்கத்துத் தறிடா அவ! உன்னைச் சுண்டெலின்னுதானே கூப்பிடுவா?"

"அக்கா, பியூனுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அப்பா எதையும் கவனிக்கவில்லை. சிகரத்திலிருந்து இறங்கிக் கருணைக் கடலுக்கு வந்திருந்தார். அன்றைக்கு அவர் குரல் தறிகளின் வேலையைச் செய்தது. அது ஓயாமல் அடிக்க, அதற்கடியில் பேரம் நடந்தது.

"நாங்க ஏன் சொல்லப்போறோம்? அடுப்படியில குழாய் வச்ச வீட்டக் குடு," என்றாள் அத்தை.

"அதெல்லாம் மேஸ்திரிங்களுக்கு ஒதுக்கியாச்சுக்கா. வாசல்ல குழாய் இருக்கிற வீடு தரேன்."

"வாசல்ல உன் பியூனக் குடிவை."

அதுவரை பேசாமலிருந்த அம்மா ஓரடி முன்னால் வந்து, புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கினாள். நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்திருந்தன.

"உங்க அம்மா காலு எப்படி இருந்துச்சு?"

அதிகாரி கண்ணாடியை விட்டுத் திரும்பினார். குனிந்து பார்த்தார். அவர் வாய் திறந்தது, ஆனால் அதில் சொல் எதுவும் இல்லை. குரலே இல்லாத அந்தப் பேச்சிலும் ஒரு மௌனம் உண்டு என்பதை அன்றுதான் கண்டேன். அப்பாவின் பேச்சு எங்கோ தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"போதும்," என்றார் அதிகாரி, உரக்க. அப்பா நடுக்கடலில் நின்றார். "எழுதிக்கோய்யா! இந்த வீட்டுக்காரருக்கு உள்குழாய் வச்ச வீடு."

"சார், அது மேஸ்திரிக்கு..." என்று வாசலிலிருந்து பியூன் இழுத்தான்.

"எங்க பரம்பரையில எதையும் ரெண்டு தடவ சொல்ற வழக்கமில்ல."

புது வீட்டுக்குப் போன அன்று அப்பா அக்கம்பக்கத்து ஆட்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். "கருணைக் கடல்னு ஒரு போடு போட்டேன் பாருங்க, மனுஷன் அங்கேயே விழுந்துட்டான். அக்கா, நீயே சொல்லு."

"சத்தியமா தம்பி," என்றாள் அத்தை. "நீ மட்டும் நடுவுல பேச்ச நிறுத்தியிருந்தா எல்லாமே கெட்டிருக்கும்."

நான் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தேன். அம்மா குழாய்க்கடியில் குடத்தை வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் தன்பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. குடம் நிறையும்போது அவள் உட்கார்ந்திருந்து அதுவரை நான் பார்த்ததே இல்லை. வாசற்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.