அரளிச் சுள்ளி

தொண்ணூற்றெட்டாம் வருஷம் பங்குனி பிறந்ததுமே மலை பற்றிக்கொண்டது. காய்ந்த புல் எரிந்த புகை கீழே இறங்கி, காற்றே இல்லாததால் ஊர் மேலேயே உட்கார்ந்துவிட்டது. கொடியில் போட்ட வேட்டியில் கரித்தூள். காலையில் காறித் துப்பினால் எச்சில் கறுப்பாக இருந்தது.

நான் செங்கம் ரோட்டில், வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் ஒரு வீட்டில் தோட்ட வேலை செய்தேன். கிணற்றில் அடிமண் தெரிந்தது. ரோஜாவுக்கு மட்டும் குடத்தில் ஊற்று, மதிலோர அரளியை வெட்டிவிடு என்றார் வீட்டுக்காரர் கோதண்டராமன்.

"வெட்னது உனக்குத்தாம்பா, எடுத்துக்கினு போ."

வெட்டிய சுள்ளி தோட்டக்காரனுக்குத்தான், அது எங்கள் வேலையில் வழக்கம். ஒரு வாரம் வெயிலில் காயவிட்டு மூன்று கட்டு சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனேன்.

என் மனைவி கன்னியம்மாளுக்கு ரொம்ப வருஷமாக இளைப்பு. புகை படக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் மலைப்புகை வராமல் ஜன்னலில் கோணி திணித்தேன், கதவைச் சாத்தியே வைக்கச் சொன்னேன். அடுப்பு உள்ளே இருந்தது.

"இன்னாய்யா, அரளியக் கொண்டாந்துட்ட? என்னைத் தீத்துட்டு வேற ஒருத்தியக் கட்டிக்கப் போறியா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"கொட்டதாண்டி விஷம். கட்ட இன்னா பண்ணும்? எரிஞ்சா எல்லாம் சாம்பல்தான்."

மறுநாள் கண்ணெரிச்சல் என்றாள். அடுத்த நாள் வாந்தி. "நெஞ்சு தடதடன்னு அடிச்சிக்குதுய்யா" என்றாள். எனக்கும் தலை சுற்றியது. தெருவில் எல்லோரும் இருமினார்கள், எல்லோரும் மலையைத்தான் திட்டினார்கள். நானும் திட்டினேன். ஜன்னலில் இன்னொரு கோணி திணித்தேன்.

நாலாம் நாள் மதியம் வந்தபோது கதவு சாத்தியிருந்தது. அடுப்பெதிரில் கிடந்தாள். கஞ்சி பொங்கி வழிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா கேட்டார்: "வீட்ல இன்னா எரிச்சீங்க?"

"சுள்ளிம்மா."

"இன்னா சுள்ளி?"

சொன்னேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதோட புகையும் விஷம்தாங்க. இளைப்புக்காரங்க எப்படித் தாங்குவாங்க?"

கன்னியம்மாள் கண் விழிக்கவில்லை.

காரியத்துக்கு வந்தவர்களெல்லாம் மலைப்புகை கொண்டுபோய்விட்டது என்றார்கள். நான் தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபமாக இருந்தது.

சித்திரையில் மறுபடி வேலைக்குப் போனேன். மிச்ச அரளியை வெட்டிக் கட்டி, குழியில் புதைக்கலாம் என்று மதிலோரம் போட்டிருந்தேன்; குழி வெட்டுவதற்குள் வெயிலில் காய்ந்துவிட்டது. கூட்டிப் பெருக்கும் ஆதிலட்சுமி ஒரு கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டாள்.

"இத நான் எடுத்துக்கறேன் இருசண்ணா."

"வெய்யி. ஈரம்."

"ஒடிச்சா படார்னு ஒடியுது, ஈரமாம்! மூணு கட்டு சைக்கிள்ல தள்ளிக்கினு போனியே, அப்ப ஈரமில்லையா? ஒண்டிக் கட்டைக்கு எதுக்கு இவ்ளோ வெறகு?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கட்டை இறக்கவில்லை. கேட்டை நோக்கி நடந்தாள். அவள் வீட்டிலும் ஒரே ஓர் அறைதான், அடுப்பு உள்ளேதான்.

ஓடிப்போய்க் கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"மலை இல்லம்மா" என்றேன். "அவள மலை கொண்டுபோவல. இதான். நான் கொண்டாந்து போட்டது."

கட்டு கீழே விழுந்தது. ஆதிலட்சுமி என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் குழாயடிக்குப் போய்க் கை கழுவத் திறந்தாள். தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கையை நீட்டியபடி வெகுநேரம் நின்றாள்.