புளூ பென்குயினில் வேலை காலி

1.

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில், இலையை விட்டு ஓடும் ரசத்தோடு நான் போராடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையில் ஒரு பெண், "இந்த டெம்ப்ளேட் வேணாம் லா, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு" என்றாள். கேட்டது அவ்வளவுதான். நான் ரசத்தை அணைகட்டி நிமிர்வதற்குள் எழுந்து போய்விட்டார்கள். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. பிடிக்காவிட்டால் அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள்.

முதல் வரியை இப்படி ஆரம்பித்தேன்: "கிள்ளான் நகரத்தின் மீது அந்தி மெல்லக் கவிழ்ந்தபோது..."

[அடித்துவிட்டேன். கிள்ளானில் சாயங்காலம் கவிழ்வது லோரிதான்.]

2.

அவளுக்கு சுரேகா என்று பெயர் வைத்தேன். சுபாங் ஜெயாவில் ஒரு கம்பெனியில், வேலைக்கு ஆள் சேர்க்கும் பிரிவில் இருந்தாள். ஒருநாள் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். பிறகு அவளே வேலை தேடி அலைந்தாள். விண்ணப்பித்த கம்பெனிகளில் பாதி, 'இல்லை' என்று சொல்வதற்குக்கூட வாய் திறக்கவில்லை. அந்த எரிச்சலில்தான் வேலை விளம்பரங்களுக்கென்று ஒரு வலைப்பூ தொடங்க நினைத்தாள்.

வலைப்பூவுக்கு ரெடிமேட் வடிவம் தேட உதவிக்கு வந்தவன் சித்தி மகன் குரு. கம்ப்யூட்டர் தெரிந்தவன். (அவனே சொல்லிக்கொள்வது.)

"அக்கா, இந்த டெம்ப்ளேட்ல ராசிபலன் போடலாம், தங்க விலை ஓடும், பூ கொட்டும்."

"வேலை எங்கடா?"

"கீழ தள்ளிட்டே போனா வரும் லா."

"அவ்வளவு தூரம் போறவன் நடந்தே வேலைக்குப் போயிடுவான்."

கடைசியில் அவள் பிடித்தது வெள்ளை வெளேரென்று ஒரு டெம்ப்ளேட். பூ இல்லை, தங்கம் இல்லை. ஆனால் யாராவது விண்ணப்பித்தால் மறுநிமிடமே தானாகப் பதில் போகும்.

"இதுதான் வேணும். நம்ம ஆளுங்க யாரும் பதிலுக்காகக் காத்துக் கிடக்கக் கூடாது" என்றாள்.

(சுரேகா ரொம்ப நல்லவளாகிக்கொண்டே போகிறாள், கதை படுத்துவிடும் என்று பயந்தேன். நல்லவேளை, அடுத்த பகுதியில் என்னைக் காப்பாற்றினாள்.)

3.

டெம்ப்ளேட்டோடு மாதிரிக்கு ஒரு விளம்பரமும் வந்தது. புளூ பென்குயின் லாஜிஸ்டிக்ஸ் என்று ஒரு கற்பனைக் கம்பெனி. கிடங்கு மேற்பார்வையாளர் தேவை, பகல் வேலை, சனி ஞாயிறு விடுமுறை.

"அழிச்சிடுக்கா" என்றான் குரு.

"காலியா கிடந்தா எவன் வருவான்? புதுசா சாப்பாட்டுக் கடை திறக்கிறவங்க, சொந்தக்காரங்களத்தான முன்னாடி மேசையில உட்கார வைக்கிறாங்க?"*

அழிக்காததோடு விட்டாளா? அழகாகத் தமிழில் மாற்றி, இடம் என்ற கட்டத்தில் 'போர்ட் கிள்ளான்' என்று தட்டினாள். நிஜ விளம்பரம் வந்ததும் எடுத்துவிடலாம் என்பது கணக்கு. போர்ட் கிள்ளானில் சனி ஞாயிறு லீவு விடும் கிடங்கு! பொய் சொல்லிப் பிழைக்கும் நானே இந்த அளவுக்குத் துணிந்ததில்லை.

தானாகப் போகும் பதிலில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் அவள் திறந்து பார்க்கவில்லை.

* நானும் அப்படி உட்கார்ந்து தின்றிருக்கிறேன். இரண்டு முறை பாயசம்.

4.

ஜெயராஜ் வருகிறார். அவருக்கு மீசை வைப்பதா வேண்டாமா என்று அரைப்பக்கம் வீணாக்கினேன். பாவம், அவர் கேட்டதெல்லாம் ஒரு பகல் வேலை. போர்ட் கிள்ளானில் பன்னிரண்டு வருஷமாக ராத்திரி ஷிப்ட். மனைவி தாமரைக்குத் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட். மனைவி கிளம்பும்போது இவர் வருவார். வாசலில் வீட்டுச் சாவியைக் கைமாற்றிக்கொள்வதுதான் குடும்பம் நடத்துவது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வலைப்பூவில் போட்டிருந்த சுரேகாவின் நம்பருக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"மேடம், ஜெயராஜ் பேசுறேன். உங்க வலைப்பூவுல பார்த்துட்டு பென்குயினுக்கு எழுதிப் போட்டேன். செலக்ட் ஆயிட்டீங்க, திங்கக்கிழமை வாங்கன்னு உடனே பதில் வந்திருச்சு. ஆபீஸ் துறைமுகத்துல எங்க, நோர்த்போர்ட்டா, வெஸ்ட்போர்ட்டா?"

தானாகப் போகும் அந்தப் பதிலைச் சுரேகா அப்போதுதான் திறந்து பார்த்தாள்.

"இன்னைக்கு ஷிப்டுக்குப் போனதும் பழைய இடத்துல நோட்டீஸ் குடுத்துடறேன். போதும் லா, பன்னண்டு வருஷம்."

"அண்ணே, லைன் சரியில்ல. இப்ப கூப்பிடறேன்."

லைன் நன்றாகத்தான் இருந்தது.

"தப்பு டெம்ப்ளேட்டோடதுக்கா" என்றான் குரு.

"டெம்ப்ளேட்டாடா போர்ட் கிள்ளான்னு எழுதுச்சு?"

5.

முடிவு அ: போர்ட் கிள்ளானில் புளூ பென்குயின் என்றொரு கம்பெனி உண்மையிலேயே இருந்தது.

பார்த்தீர்களா, ஒரே வாக்கியம். கூரை போட்டாயிற்று, போர்டு மாட்டியாயிற்று, ஜெயராஜுக்கு நாற்காலியும் தயார். சுரேகா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நானும் இதைத்தான செஞ்சேன்? உங்க கதைக் கம்பெனில இபிஎஃப் சேமநிதி கட்டுவாங்களா?"

[அடித்துவிட்டேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.]

முடிவு ஆ: குருவின் நண்பனுடைய முதலாளிக்கு அதே நேரத்தில் பகல் வேலைக்கு ஓர் ஆள்...

[இப்படி முடிந்தால் நானே காசு கொடுத்து வாங்க மாட்டேன்.]

முடிவு இ: அவள் போன் செய்து உண்மையைச் சொல்கிறாள். வேறு வழியில்லை, அவர் ஷிப்டுக்குக் கிளம்புவதற்குள் சொல்லியாக வேண்டும். செய்தாள். எடுத்தது தாமரை.

"அவரு குளிக்கிறாரும்மா. நீங்கதான அந்த வேலை மேடம்? இன்னைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து தேத்தண்ணி குடிச்சோம். ஷிப்டுக்கு லேட்டானா ஆகட்டும்னுட்டாரு. திங்கள்ல இருந்து தினம் இப்படித்தானாம். நீங்க நல்லா இருக்கணும்மா."

சுரேகா வாயைத் திறந்தாள். அவள் பேச வேண்டியதை எழுதிப் பார்த்தேன். முதலில் எழுதியது வழுக்கிக்கொண்டு போயிற்று. அடுத்தது மன்னிப்புக் கேட்டு அழுதது, தாமரையே அவளுக்கு ஆறுதல் சொல்லும்படி ஆகிவிட்டது. இரண்டையும் கிழித்தேன். எனக்குத் தாமரையிடம் சொல்லத் தைரியமில்லை.

இதுவரை சிரித்துக்கொண்டுதானே வந்தீர்கள்? இந்தாருங்கள், போனைப் பிடியுங்கள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. தாமரை லைனில்தான் இருக்கிறார்.