கரையில் நின்ற களவா

எங்கள் தீவு இளவட்டங்கள் சேர்ந்து சிமென்ட்டில் ஒரு களவா மீன் செய்தோம். வடிவம் என்னுடையது. வாய் பிளந்து, பெயின்ட்டில் வரைந்த கண்ணை விழித்து நிற்கும் ஆள் உயர மீன். ஹெர்மானுஸ் மாமா வீட்டு எதிரில்தான் நிழல் என்பதால் அங்கேயே வைத்துச் செய்தோம். எவனோ வெடி போட்டு நொறுக்கிய பவளப்பாறை நடுவே இதை இறக்கினால், மேலே புதுப் பவளம் ஒட்டி வளரும். அதைக் கண்ணால் பார்க்காமல் விடமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பாறைக்குச் சாசி போடும் நாளன்றே இறக்குவதாக ஏற்பாடு. சாசி என்றால் தென்னங்குருத்து கட்டிப் போதகர் ஜெபிப்பார். திறப்பு ஜெபம் நடக்கும்வரை, வருஷமானாலும், கட்டின இடத்தில் ஒருவரும் மீன் பிடிக்கக்கூடாது, கட்டின பொருளைத் தொடவும் கூடாது. மாமாவுக்கு இதில் எரிச்சல். அவர் வலை அந்தப் பாறையை விட்டு வேறெங்கும் போனதில்லை.

கடலில் கம்பு நட்டுக் குருத்து கட்டியானதும், மிஞ்சிய ஒன்றை எங்கள் கூட்டத்து ஓபெத் என் களவாவின் வாலில் கட்டிவிட்டான். போதகர் கண்ணை மூடி, குருத்து கட்டிய அனைத்தையும் கர்த்தரிடம் ஒப்படைத்தார். ஊரே ஆமென் சொன்னது. நானும்தான் சொன்னேன், பாழாய்ப்போன வாய்.

பிறகு கயிற்றோடு மீனைத் தூக்கப் போனோம்.

"யாரும் கை வைக்காதீங்க," என்றார் மாமா. "அது சாசியில இருக்கு."

"அழகுக்குக் கட்டினேன்டி," என்று ஓபெத் முழித்தான்.

"உன் வாயில கட்டியிருந்தா ஊருக்காவது நல்லது நடந்திருக்கும்," என்றேன்.

போதகர் தலையைச் சொறிந்தார். "திறப்பு ஜெபம் பண்ணலாம்மா. ஆனா எல்லாத்தையும் ஒரே ஜெபத்துல மூடியாச்சு. திறந்தா பாறையும் சேந்து திறக்கும். மறுபடி மூட ஒரு மாசமாவது போகணும்."

மாமா முகம் மலர்ந்தது. "பாவம், புள்ள ஆசையா செஞ்சிருக்கு. திறந்து விடுங்கய்யா." அதற்குள் வலை அவர் தோளுக்கு ஏறிவிட்டது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சிமென்ட் குழைத்துக் குழைத்து என் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதேன்.

"அது கரையிலயே கிடக்கட்டும்யா," என்றேன். "திறக்க வேணாம்."

ஒரு வாரம் கழித்து மாமா என்னைத் தேடி வந்தார்.

"மின்சே, சாப்பிட உக்காந்தா உன் மீன் என்னையே முறைக்குது. அத்தை வேற, வெடி போட்டவன் யாருன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சுங்கிறா. கண்ணை மட்டும் மூடினாப்ல மாத்தி வரைஞ்சு குடு, தாயி."

பெயின்ட் டப்பா என் காலடியில்தான் இருந்தது.

"சாசி போட்டதை எப்படி மாமா தொடறது?" என்றேன்.