பெட்டியில் சும்மா கிடந்த காணி

அகஸ்ரின் வீடு விற்கும் தரகர். நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் அவருக்கு மூன்று கார் நிறுத்தும் வீடு. மோர்னிங்சைட் வீதி பஸ் தரிப்பிட வாங்குகளில் எல்லாம் விளம்பரமாக அவருடைய சிரிப்பு. 'காணி சும்மா வராது' என்பது அவர் வேதம். பூசையில் கேட்கும் வேதத்துக்கு அடுத்தபடியாக என்பார். அடுத்தபடிதானா என்பது ஆண்டவருக்கே வெளிச்சம்.

மகள் ஸ்டெபனி வோபர்னில் வாடகைக்கு இருந்தாள். வாடகை கொடுப்பதைப் பற்றி அவர் ஒவ்வொரு சாப்பாட்டு மேசையிலும் பிரசங்கம் வைத்ததில், அவள் சாப்பிட வருவதையே நிறுத்திவிட்டாள். தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில் அவள் நடத்தும் அட்டை விளையாட்டுப் போட்டிக்கு அவர் வலியப் போய்ப் பெயர் கொடுத்தார்.

"சீரியஸ்லி அப்பா? சரி, ஒரு கேமாவது வெல்லுங்கோ. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாறன்," என்றாள்.

விதி எளிது. ஒவ்வொருவரும் தனக்குக் கிடைக்கும் அட்டைப் பைக்கற்றுகளை உடைத்து, நாற்பது அட்டையில் ஒரு கட்டு அமைக்க வேண்டும். காணி அட்டை மேசையில் இருந்தால்தான் அதன் பலத்தில் சண்டைபிடிக்கும் பூத அட்டைகளை இறக்கலாம். மினுங்கும் விசேஷக் காணி பைக்கற்றில் அரிதாகத்தான் வரும். சாதாரணக் காணியோ மேசை ஓரத்தில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கும். யாரும் எவ்வளவும் எடுக்கலாம். பதினேழு காணி போடுங்கள் என்று சுவரிலேயே எழுதியிருந்தது.

அகஸ்ரின் பெட்டியை எட்டிப் பார்த்தார். எல்லாம் காட்டுப் படம் போட்ட காணி. காடு, காடு, காடு. சும்மா கொடுக்கிற காணியில் ஏதோ பிழை இருக்கும் என்று முடிவுகட்டி, மினுங்கிய மூன்று காணிகளோடும் முப்பத்தேழு பூதங்களோடும் வந்து உட்கார்ந்தார்.

எதிரே ஷாமிலா. ஆஸ்பத்திரியில் தாதி, இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தாள். அகஸ்ரினின் கையில் பூதங்கள் குவிந்தன. காணி வரவேயில்லை.

"அங்கிள், உங்கட ஆக்கள் எல்லாம் றோட்டிலையோ நிக்கினம்?"

"நல்ல இடமாப் பாக்கிறன் பிள்ளை."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் ஆட்டம் போய்விட்டது. ஞாயிறும் போய்விடும் போலிருந்தது. பெட்டியடிக்குப் போக இப்போதும் கால் வரவில்லை. வாங்கில் சிரிக்கிறவர் இலவசப் பெட்டிக்குள் கைபோடுவதா?

ஷாமிலா எழுந்துபோய் ஒரு கைநிறையக் காட்டோடு வந்தாள்.

"கூட எடுத்துப்போட்டன் அங்கிள். திருப்பிக் கொண்டுபோய் வைக்க அலுப்பாக் கிடக்கு. நீங்களே வைச்சிருங்கோ."

இரவு முழுக்க நின்ற கால் அவளுடையது. அது யாருக்காக நடந்ததென்று அவருக்கு விளங்கியது. பதினாலு பூதங்களை எடுத்துவிட்டுப் பதினாலு காடுகளைச் செருகினார். இரண்டாவது ஆட்டத்தை வென்றார். மூன்றாவதில் ஷாமிலா வென்றாள்.

அவர் மகளிடம் போனார். "ரெண்டாவது கேமை நானா வெல்லேல்லைப் பிள்ளை. அது ஷாமிலா தந்த காணி."

"அப்பா, அதுதானே ரூல்! பெட்டி எல்லாருக்கும் பொது. அதிலை எடுக்காம இஞ்ச ஒருத்தராலும் வெல்லேலாது."

அகஸ்ரின் காடுகளைப் பெட்டியில் திரும்ப வைத்தார். அடுக்கிக்கொண்டிருந்த ஸ்டெபனி அதற்குள்ளிருந்து ஒன்றை உருவினாள். அவருடைய விசிற்றிங் காட்; வாங்கில் சிரிக்கும் அதே சிரிப்பு.

"இதை எப்ப போட்டனீங்கள்?"

"கை பழகிப்போச்சுது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஞாயிறு என்ன கறி?"

"கணவாய்."

"வேறை?"

விற்பனைக்கு வந்திருந்த ஒரு நல்ல ரவுன்ஹவுஸ் வீடு நாக்கு நுனிவரை வந்தது. மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்த ஷாமிலா அவரைப் பார்த்தாள்.

"கணவாய் மட்டும்தான்," என்றார் அகஸ்ரின்.